சென்னையின் எஃப்சிக்கு யார் கோச்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் ஆடும் நம்ம ஊர் டீம் சென்னையின் எஃப்சி. நேரு ஸ்டேடியத்தில் அதன் மேட்ச் முடிந்து பெரியமேட்டிலிருந்து சென்ட்ரல் வரை நடந்து வரும் கூட்டத்தில் ஒரே பேச்சுதான். இந்த கோச் வேண்டுமா, வேண்டாமா? வேண்டாமென்றால் வேறு யார்? ஜெயித்த நாளில் சத்தம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். வருஷக் கணக்காக அந்தக் கூட்டத்தோடு நடந்தவன் என்பதால், திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் நடுநிலையாளன் இல்லை. நீல ஜெர்சிக்காரன்.

நிலைமை அவ்வளவு மோசமா? இரண்டு தடவை கோப்பை வாங்கிய டீம்தானே?

2015இல் ஒன்று, 2017-18இல் ஒன்று. இரண்டு கோப்பைகள் உண்மை. அதற்கப்புறம் நடந்ததையும் பாருங்கள். 2018-19இல் பத்து அணிகளில் கடைசி. 18 ஆட்டங்களில் 2 வெற்றி, மொத்தம் 9 புள்ளி. 2019-20இல் ஃபைனல் வரை போய்த் தோல்வி. அடுத்த மூன்று சீசன்களிலும் எட்டாவது இடம். 2023-24இல் ஆறாவது இடம் பிடித்து பிளேஆஃபுக்குள் நுழைந்து, முதல் ஆட்டத்திலேயே கோவாவிடம் 2-1 என்று தோற்று வெளியே வந்தோம். 2024-25இல் 13 அணிகளில் 11ஆவது. இதை மோசம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இதுவரை எத்தனை கோச்? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

2014 முதல் 2016 வரை இத்தாலியின் மார்க்கோ மட்டராஸி. 2017இல் வந்து 2019 நவம்பர் கடைசியில் போனவர் இங்கிலாந்தின் ஜான் கிரிகரி. அந்த சீசனின் மீதிக்கு ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கோய்ல். 2020-21இல் ஹங்கேரியின் சாபா லாஸ்லோ. 2021-22இல் மான்டினீக்ரோவின் பொஜிடார் பாண்டோவிச், அவரும் பாதியில் போக மீதி ஆட்டங்களுக்கு நம்ம சபீர் பாஷா. 2022-23இல் ஜெர்மனியின் தாமஸ் பிர்டாரிச். 2023இல் மறுபடியும் கோய்ல். 2025 ஆகஸ்டில் கோவாக்காரர் கிளிஃபர்ட் மிராண்டா.

மூச்சு வாங்குகிறதா? லாஸ்லோவிலிருந்து பிர்டாரிச் வரை மூன்று சீசன், மூன்று வெளிநாட்டு கோச், மூன்று தடவையும் அதே எட்டாவது இடம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தோற்றுக்கொண்டிருக்கும்போது கோச்சை மாற்றினால் பலன் கிடைக்குமா?

இந்தச் சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் கொடுக்கிற புண்ணியம் நம்ம கிளப்பையே சேரும்.

'மாற்றக் கூடாது' என்பவர்கள் 2015ஐக் காட்டுவார்கள். லீகில் இன்னும் நான்கே ஆட்டம் மீதி இருந்தபோது பட்டியலின் அடியில் கிடந்தோம். அப்போதே மட்டராஸியைத் துரத்தியிருக்கலாம், துரத்தவில்லை. மீதி நான்கையும் ஜெயித்து 22 புள்ளியோடு மூன்றாவதாக முடித்தோம். அந்த டிசம்பர் வெள்ளம் யாருக்கு மறக்கும்? சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போய், கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். ஃபைனல் கோவாவில், கோவாவுக்கு எதிராக. 87ஆவது நிமிடத்தில் 2-1 என்று பின்தங்கிய டீம், முதலில் எதிரணி கோல்கீப்பர் கட்டிமணியின் கையால் ஒரு சேம்சைடு கோலை வாங்கிக்கொண்டு, அப்புறம் மென்டோசாவின் காலால் இன்னொன்றைப் போட்டு 3-2 என்று ஜெயித்தது.

'உடனே மாற்று' என்பவர்கள் கையில் 2019-20 இருக்கிறது. கிரிகரியின் கீழ் ஆறு ஆட்டத்தில் ஐந்தே புள்ளி. அவர் விலகினார், டிசம்பரில் கோய்ல் வந்தார். மீதி 12 ஆட்டங்களில் 24 புள்ளி. நான்காவது இடம், பிளேஆஃப், அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி ஃபைனல். டீம் அதே டீம். ஜனவரியில் புது ஆட்களை வாங்கும் நேரத்தில் ஏதோ பெரிய படையைக் கொண்டுவந்து இறக்கியதாகவும் நினைக்க வேண்டாம்.

2018-19 இந்த இரண்டு கட்சிக்கும் பிடிக்காத சாட்சி. முந்தைய வருஷம் கோப்பை வாங்கிக் கொடுத்த கிரிகரியைக் கடைசி இடத்திலும் விடாமல் வைத்திருந்தோம். பொறுமைக்குக் கிடைத்த பரிசு 9 புள்ளி. சரி, லீக் சீசன் முடிந்து தனியாக நடந்த சூப்பர் கப் போட்டியில் அதே ஆள் ஃபைனல் வரை கூட்டிப்போனார், கோவாவிடம் 2-1 என்று தோற்றோம்; அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கோய்ல்தான் மந்திரவாதியா?

பர்ன்லியை 2009இல் பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர், சாதாரண ஆள் இல்லை. ஆனால் 2019 டிசம்பரில் அவர் வந்து இறங்கிய டீமில் யார் யார் இருந்தார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. என் வருத்தமே அங்கேதான்.

முன்னால் வால்ஸ்கிஸ், லிதுவேனியாக்காரர், அந்த சீசனில் 15 கோல். அவருக்குப் பின்னால் பந்தைச் சப்ளை செய்ய பிரேசிலின் கிரிவெல்லாரோ. இந்த இருவரை எல்லோரும் சொல்வார்கள். கோலில் நின்றவர் விஷால் கைத். நடுவில் ஓடியவர் அனிருத் தாபா. இறக்கையில் பறந்தவர் லாலியன்சுவாலா சாங்தே. மூவருமே இளைஞர்கள், மூவருமே இந்தியர்கள். கோய்ல் இவர்களைக் கண்டுபிடிக்கவில்லை, தயாராக இருந்தவர்களை அவிழ்த்துவிட்டார். அந்தத் திறமை அவருடையது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

இப்போது அந்த மூவரும் எங்கே போனார்கள் என்று பாருங்கள். சாங்தே 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார். 2022-23இல் அங்கே லீக் ஷீல்ட் (லீக் பட்டியலில் முதலிடத்துக்கான பரிசு), அடுத்த வருஷம் கோப்பை (பிளேஆஃப் ஃபைனலில் ஜெயிப்பவர்களுக்கானது), நடுவில் இந்தியாவின் சிறந்த வீரர் விருது. கைத் 2022இல் மோகன் பகானுக்குப் போனார், போன முதல் சீசனிலேயே சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை. ஒரு வருஷம் கழித்து தாபாவும் அதே வாசலில் நுழைந்தார். 2024-25இல் மோகன் பகான் ஷீல்டும் கோப்பையும் சேர்த்து அள்ளியபோது இருவரும் அந்த டீமில் இருந்தார்கள். அதே சீசனில் நாம் 11ஆவது.

நான் சொல்ல வருவது இதுதான். அடுத்த கோச் யார் என்று நாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டின் உத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு யாரும் ஒரு போர்டுகூடத் தூக்கிப் பிடிக்கவில்லை.

வால்ஸ்கிஸும் திரும்பி வந்தாரே?

வந்தார். 2020இல் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனபோது கூடவே போனவர், 2022 ஜனவரியில் தனியாகத் திரும்பி வந்தார். இங்கே அந்த சீசன் எட்டாவது இடத்தில் முடிந்தது. அங்கே கோய்ல், வால்ஸ்கிஸ் இல்லாமலேயே, அதே சீசனில் ஷீல்டைத் தூக்கினார். ஸ்ட்ரைக்கர் ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கட்சியைச் சேர்ந்தவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

2023இல் கோய்ல் திரும்பி வந்தபோது மட்டும் ஏன் நடக்கவில்லை?

மேலே சொன்னதுதான் பாதி பதில். தாபா அந்தக் கோடையில்தான் கிளம்பியிருந்தார். ஆளே மாறிப்போன வீட்டுக்கு பழைய சாவியோடு வந்த மாதிரி அவர் வந்தார். முதல் சீசனில் பிளேஆஃப் வரை இழுத்துக்கொண்டு போனதே பெரிய விஷயம். இரண்டாவது சீசனுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. கானர் ஷீல்ட்ஸ் போன்ற நல்ல ஆட்கள் இருந்தார்கள். முன்னிலை எடுத்துவிட்டுக் கோட்டைவிடுவதை ஒரு வழக்கமாகவே ஆக்கியது அந்த டீம். ஒரு கோல் முன்னால் இருக்கும்போது ஆட்டத்தை எப்படித் தூங்கவைப்பது என்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டியது கோச்தான். அதற்கு நான் அவரை மன்னிக்கவில்லை.

அந்த மூன்று எட்டாம் இடங்களில் யார் மேல் அதிகத் தப்பு?

லாஸ்லோவைத் திட்டுவது எளிது. 20 ஆட்டத்தில் 11 டிரா, 3 வெற்றி. பார்த்துக் கொட்டாவி விட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் அது கோவாவில் பூட்டிய வளையத்துக்குள் ஆடிய கொரோனா சீசன், கிரிவெல்லாரோ பாதியிலேயே காயத்தில் படுத்துவிட்டார். பாண்டோவிச் தாய்லாந்தில் புரிராம் அணிக்கு லீக் வாங்கிக் கொடுத்தவர். இங்கே வந்து, கோவாவிடம் 5-0 என்று வாங்கிய கையோடு கிளம்பினார். பிர்டாரிச்சின் டீம் இதற்கு நேர் எதிர், கோல் அடித்தது, ஏறக்குறைய அதே அளவு வாங்கவும் செய்தது. பணம் கொடுத்துப் பார்ப்பவனுக்கு அதுவாவது மிச்சம்.

ஒருவர் பூட்டுப் போட்டார், ஒருவர் கதவைத் திறந்து வைத்தார், இரண்டுக்கும் அதே எட்டாவது இடம்தான் கிடைத்தது. ஆட்டப் பாணிதான் பிரச்சினை என்று இனியும் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

மட்டராஸி மாதிரி ஒரு பெரிய பெயரைக் கொண்டுவந்தால் என்ன?

2014இல் அது அர்த்தமுள்ளதாக இருந்தது. உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடானிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவர் என்று ஆட்டோக்காரருக்கும் தெரியும். ஐஎஸ்எல் பிறந்த வருஷம், கூட்டம் சேர்க்க முகம் வேண்டும். அவர் கூப்பிட்டால் நெஸ்டா வருவார், சில்வெஸ்டர் வருவார். எலானோ அந்த வருஷம் 8 கோல் போட்டு லீகிலேயே முதலிடம்.

அன்று களத்தில் ஐந்து இந்தியர்கள் இருந்தால் போதும், மீதி ஆறு பேர் வெளிநாட்டவர். 2017-18இல் அந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்தது, 2021-22இல் நான்காக. அதாவது இன்று களத்தில் நிற்கும் பதினொருவரில் குறைந்தது ஏழு பேர் நம்ம நாட்டுப் பையன்கள். மிசோரத்திலிருந்து வந்தவன், மணிப்பூரிலிருந்து வந்தவன், பஞ்சாபிலிருந்து வந்தவன். யார் அழுத்தத்தில் உடைவான், யாரை அதட்டினால் ஓடுவான் என்பதெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும். ஐரோப்பாவிலிருந்து ஜூலையில் வந்து இறங்கி, வீடியோ பார்த்துப் பெயரைக் கற்றுக்கொள்ளவே அக்டோபர் ஆகிவிடும்.

இந்தியக் கோச் சரிப்படுவாரா?

இந்தக் கேள்வியையே நான் கொஞ்சம் கோபத்தோடு பார்க்கிறேன். காலித் ஜமீல் 2016-17இல் ஐஜோல் என்ற சின்ன டீமுக்கு ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகின் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 2020-21இல் இடைக்காலமாக எடுத்து பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். ஜாம்ஷெட்பூரை 2024-25இல் அரையிறுதி வரை நடத்தினார். 2025இல் இந்திய அணியே அவர் கைக்குப் போனது. இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்? ஆனாலும் சென்னைக்கு ஒரு நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் வர 2025 வரை ஆனது.

மிராண்டாவும் வெறுங்கையோடு வரவில்லை. 2023இல் ஒடிசாவை இடைக்காலப் பொறுப்பில் எடுத்து சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தவர். விளையாடிய காலத்தில் டெம்போவின் மிட்ஃபீல்டர்.

நம்ம ஊர்க்காரரை ஏன் போடக்கூடாது?

எனக்குப் பிடித்த கேள்வி. சபீர் பாஷா இந்தியன் வங்கி அணியில் கோல் போட்டுக்கொண்டிருந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் கேலரிக்கு வருகிறார்கள். இந்தியாவுக்கு ஆடியவர், பல வருஷம் நம்ம கிளப்பில் உதவிப் பயிற்சியாளர். பாண்டோவிச் போனபின் மீதி ஆட்டங்களை அவரிடம் கொடுத்தார்கள். மூழ்கிக்கொண்டிருந்த படகின் துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டு எப்படி ஓட்டுகிறார் என்று பார்ப்பது பரீட்சை ஆகாது. சீசன் தொடக்கத்திலிருந்து ஒரு முறை கொடுத்திருக்கலாம்.

ஊர்க்காரர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து பந்து உருள்கிறது. தனபால் கணேஷ் அங்கிருந்து வந்து இந்த ஜெர்சியைப் போட்டவர். 2018-19இல், நாம் ஐஎஸ்எல்லில் கடைசியாகக் கிடந்த அதே சீசனில், சென்னை சிட்டி எஃப்சி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடி ஐ-லீக் சாம்பியன் ஆனது. கோச் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பெட்ரோ மன்சி 21 கோல். அந்த டீமில் ஆடிய எட்வின் வன்ஸ்பால் அப்புறம் நமக்கு ஆடி 2020 ஃபைனல் வரை வந்தார். அந்தச் சென்னை சிட்டி கிளப்தான் இன்று மேல்மட்டத்தில் இல்லை. தமிழ்ப் பையன்களை ஓர் ஆட்டத்தில் ஐந்தாறு பேர் என்று நம்பி இறக்கிய டீம் அது என்பதால் இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் வந்தாலும் கீழே இறக்கமாட்டார்களே, அப்புறம் எதற்கு இவ்வளவு பதற்றம்?

2024-25 வரை அப்படித்தான். அப்போது அடுத்த படியாக இருந்த ஐ-லீகில் ஜெயித்தவர்கள் ஐஎஸ்எல்லுக்கு மேலே வந்தார்கள். முதலில் பஞ்சாப், அடுத்து மொகமதன். மேலே இருந்தவர்கள் கீழே போகவில்லை. பதற்றம் இல்லாததே ஒரு வியாதி என்பது என் கட்சி. கீழே விழும் பயம் இருந்திருந்தால் கைத், தாபா, சாங்தே மூவரையும் அவ்வளவு சுலபமாக விட்டிருப்பார்களா?

முதலாளிகள் அபிஷேக் பச்சனும் தோனியும் இருக்கும்போது காசுக்கு என்ன குறை?

விட்டா தானியும் இருக்கிறார், அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முதலாளிக்குச் சொத்து இருப்பதும் கிளப்புக்கு வரவு இருப்பதும் வேறு வேறு. 2025இல் லீகை நடத்தும் ஒப்பந்தமே தொங்கலில் நின்றபோது, அணியின் செயல்பாடுகளை நிறுத்திவைத்த கிளப்புகளில் நம்முடையதும் ஒன்று.

மிராண்டாவை எப்போது எடைபோடலாம்?

வந்த வேளை அப்படி. லீக் நடக்குமா என்றே தெரியாத மாதங்களில் பொறுப்பெடுத்தார். சூப்பர் கப்பில் மோகன் பகானிடமும் ஈஸ்ட் பெங்காலிடமும் தோற்றதும் கேலரிக்காரர்கள் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு முழு சீசன், நடுவில் ஒரு ஒழுங்கான பிரீ-சீசன். அதற்கு முன்னால் தீர்ப்பு சொல்பவர்களுடன் நான் வாதாடுவதில்லை, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

'கோச் அவுட்' போர்டு பிடிக்கலாமா?

தாராளமாக. பின்னால் இருப்பவருக்கு மறைக்காமல் பிடியுங்கள்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உங்கள் ஓட்டு யாருக்கு?

மிராண்டா தொடரட்டும். அவருக்குப் பக்கத்தில் தமிழ் பேசும் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் இருக்கட்டும், சும்மா கூம்பு அடுக்க மட்டும் இல்லாமல் டீம் தேர்வில் குரல் உள்ளவராக. இருபத்துமூன்று வயதுக்குள் இருக்கும் இந்திய வீரர்களில் நல்லவர்கள் நான்கு பேருக்கு நீண்ட ஒப்பந்தம் போடட்டும். யாராவது கொல்கத்தாவிலிருந்தோ மும்பையிலிருந்தோ அவர்களை வாங்கப் பணப் பெட்டியோடு வந்தால், அன்றைக்கு நாம் போர்டு பிடிக்கலாம்.

இதைக் கேட்டதும் பக்கத்தில் நடந்து வரும் நண்பன் எப்போதும் ஒன்று கேட்பான். அதுதான் கடைசிக் கேள்வி.

எல்லாம் சரி மச்சி, கோய்ல் மூணாவது தடவை வருவாரா? கூடவே வால்ஸ்கிஸ்?

வால்ஸ்கிஸ் பிறந்தது 1987இல். மீதிக் கணக்கை மெட்ரோவில் உட்கார்ந்து போட்டுக்கொள்.